முதலில் உட்கார்ந்தவர் முகத்துக்கு வைத்த வெளிச்சம்

மும்பையில் செம்பூர்ப் பக்கம் கல்யாண போட்டோ எடுக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவருகிறார்களாம். டிஜிட்டல் கேமராவில் சரியான எக்ஸ்போஷர், அதாவது வெளிச்ச அளவு, வைப்பது எப்படி என்று நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்க, கோபர்கைரனேயில் நான் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அறுபதுகளிலிருந்து இந்தத் தொழிலில் இருந்தவன், கிழவனுக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. சந்தோஷமாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். அதில் ஒருவர், நல்ல பிள்ளைதான், டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "இப்பல்லாம் அதுக்கு ரொம்ப மண்டைய உடைச்சிக்க வேண்டாம் அங்கிள். எடுக்கும்போது கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் அப்புறம் கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கலாம்."

அப்புறம் கழுவிக்கொள்ளலாம் என்று ஓரமாக வைக்க இது என்ன எச்சில் தட்டா என்று கேட்டுவிட்டேன். மருமகள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 'அப்புறம் சரி பண்ணிக்கலாம்' என்ற அந்த வார்த்தையை நான் வேறொருவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். வெளிச்சத்தை அளப்பதில் அவருக்கு மிஞ்சிய ஆளை நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் சொன்ன அந்த வார்த்தையால் ஒரு மனிதர் திருடன் என்று பெயர் வாங்கி ஜெயிலுக்குப் போக இருந்தார். எக்ஸ்போஷரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு விவகாரத்தில் அடங்கிவிடும். ஆகவே அதையே எழுதுகிறேன்.

பாடத்தை மட்டும் முதலில் முடித்துவிடுகிறேன். வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், தனியாகக் கையில் பிடிப்பதானாலும் சரி, உங்கள் கேமராவுக்குள்ளேயே இருப்பதானாலும் சரி, ஒரு மடையன். அதற்கு மனிதனும் சுவரும் ஒன்று. முன்னால் இருப்பதெல்லாம் நடுத்தரமான ஒரு சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு ஒரு எண்ணைச் சொல்லும். வெயில் அடிக்கும் வெள்ளைச் சுவரின் முன்னால் ஆளை நிறுத்தினால் "அப்பா, எவ்வளவு வெளிச்சம்" என்று பயந்து கண்ணைச் சுருக்கிக்கொள்ளும். சுவர் அழகாக விழும், ஆள் இருட்டிவிடுவான். டிஜிட்டலில் அதிக வெளிச்சம் விழுந்து வெளுத்துப்போன இடம் திரும்பி வராது. எங்கள் நெகட்டிவில் அதற்கு நேர்மாறு. அதிகம் விழுந்தால் பிரிண்ட் போடும்போது அந்த வெளுப்பை ஓரளவு இறக்கிக்கொள்ளலாம். விழவே இல்லையென்றால் அந்த இடத்தில் நெகட்டிவ் வெறும் கண்ணாடியாக இருக்கும். அவ்வளவுதான் பாடம். மீதி எல்லாம் யாருடைய முகத்துக்காக லென்ஸில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வளையத்தைத் திருப்புகிறோம் என்பதில் இருக்கிறது.

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வாப்பா தோல் பட்டறையில் மணிபர்ஸ் தைத்தார். பள்ளிக்கூடம் முடிந்ததும் நானும் பட்டறைக்கே வருவேன் என்று இருந்தார். நான் மாட்டுங்காவில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. உருவம் பிடிக்கிற வேலை நமக்கு எதற்கு என்று பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் அங்கே முதலில் படம் கழுவும் மருந்துத் தட்டுகளைக் கழுவினேன். பம்பாய்ப் புழுக்கத்தில் மருந்துத் தண்ணீர் சூடேறிப் படம் கெட்டுவிடும் என்பதால் தாதர் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தேன். மீன்காரர்களுக்கு ஐஸ் கொடுக்கும் அதே கடை, அதனால் டிராமில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். பிறகு டார்க்ரூம், பிறகு பிரிண்ட், கடைசியில் கேமரா. அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை.

ஸ்டூடியோ முதலாளி சேஷன் சார். மாட்டுங்காவிலேயே வளர்ந்தவர், அவருடைய அப்பா ரயில்வே ஆபீசில் ஹெட் கிளார்க். சலவை மடிப்பு கலையாத அரைக்கைச் சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் லைட் மீட்டர். அந்த மீட்டரை மற்றவர் கையில் கொடுக்க மாட்டார். படம் எடுத்துக்கொள்ள வருகிறவரை நாற்காலியில் உட்கார்த்திவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் செய்யாமல் அவர் முகத்தையே பார்ப்பார். சிலர் கூச்சப்பட்டு எழுந்துவிடுவார்கள். பிறகு பக்கவாட்டில் வந்து, தன் நிழல் விழாதபடி ஒதுங்கி நின்று, வலது கன்னத்துக்குப் பக்கத்தில் மீட்டரைப் பிடிப்பார், பிறகு இடது கன்னத்துக்கு. ஆள் மேல் மீட்டர் உரசாது. ஒருவர் போய் அடுத்தவர் வந்ததும் மறுபடி முதலிலிருந்து எல்லாம். அண்ணன் தம்பி வந்தால்கூடத் தனித்தனியாகத்தான்.

"மூஞ்சிக்கு அளவு எடுடா காதர். சுவர் எக்கேடோ கெட்டுப் போகட்டும், சுவரை யாரும் மாலை போட்டு மாட்டி வச்சுக்கப் போறதில்லே" என்பார். கறுத்த முகமாக இருந்தால் லென்ஸைத் தாராளமாகத் திறக்கச் சொல்வார். கண்ணோரத்துச் சுருக்கமும் மூக்கின் மடிப்பும் நெகட்டிவில் வந்து சேர வேண்டும், பிரிண்ட் போடும்போது முகத்தை அதனுடைய சொந்த நிறத்துக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். "ஜாஸ்தி விழுந்தா இறக்கலாம். விழவே இல்லேன்னா பகவானே டார்க்ரூமுக்கு வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது." இதை எனக்குச் சொன்னவர் அவர்தான் என்பதைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அவருக்கு நான் அநியாயம் செய்தவனாவேன். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப ஒரு பெண்ணைப் படம் எடுக்க அழைத்து வந்தார்கள். நல்ல கறுப்பு, களையான முகம். கூட வந்த மாமா சாரை ஓரமாகக் கூப்பிட்டு, கொஞ்சம் வெளுப்பாக வருகிற மாதிரி எடுக்க முடியுமா என்று கேட்டார். எல்லா ஸ்டூடியோவிலும் செய்துகொண்டிருந்த வேலைதான் அது. சார் குரலைத் தாழ்த்தவே இல்லை.

"பொண்ணு எப்படி இருக்காளோ அப்படித்தான் வரும். வெள்ளையடிக்கணும்னா பெயின்டரைக் கூப்பிடுங்கோ."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். அந்தப் படத்தை நான்தான் பிரிண்ட் போட்டேன். இத்தனை வருஷத்தில் அவ்வளவு நல்ல முகத்தை நான் பிரிண்ட் போட்டது குறைவு. சார் மேல் எனக்கு அன்றைக்கு இருந்த மரியாதையைச் சொல்லி முடியாது. அதனால்தான் பிறகு நடந்தது இன்றுவரை ஆறாமல் கிடக்கிறது.

அப்போது செம்பூரில் பெரிய பெரிய ஆலைகள் வந்துகொண்டிருந்தன. அதில் ஒன்றில், பெயர் வேண்டாம், உள்ளே போகும் ஒவ்வொருவருக்கும் போட்டோ ஒட்டிய கேட் பாஸ் கொடுப்பதென்று முடிவு செய்தார்கள். மேனேஜர் முதல் கான்ட்ராக்டில் மூட்டை தூக்குகிறவர் வரை எல்லோருக்கும். எங்கள் ஸ்டூடியோவுக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை. வெளிநாட்டு ஃபிலிம் வருவதற்குக் கட்டுப்பாடு இருந்த காலம், கிடைப்பதை எண்ணி எண்ணித்தான் செலவழிப்போம். ஆகவே ஆளுக்கு ஒரே கிளிக் என்று பேச்சு.

ஆலையில் எங்களை எதிர்கொண்டவர் செக்யூரிட்டி அதிகாரி. ராணுவத்திலிருந்து வந்தவர், எல்லோரும் மேஜர் சாப் என்றார்கள். நல்ல சிவப்பு, பெரிய மீசை. வருகையைக் குறிக்கும் டைம் ஆபீஸுக்கு வெளியே புதிதாக வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட வைத்தார். எல்லாப் பாஸிலும் சுவர் ஒரே மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டும் என்றார். எல்லோரும் காலர் வைத்த சட்டை போட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். கான்ட்ராக்ட் ஆட்கள் பனியனோடு வேலைக்கு வருகிறவர்கள், காலருக்கு எங்கே போவார்கள். டைம் கீப்பர் எங்கிருந்தோ ஒரு வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்தார். ஒரே சட்டை. ஒருவர் போட்டு, உட்கார்ந்து, எழுந்து, கழற்றி, அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். ஒல்லியானவர்களுக்கு முதுகுப் பக்கம் பின் குத்தினோம். போகப் போக அந்தச் சட்டையைப் பிழிந்தால் வாளி நிறைந்திருக்கும்.

காலையில் முதலில் மேஜர் உட்கார்ந்தார். அதுதான் மரியாதை, அதை யாரும் பேசி முடிவு செய்ய வேண்டியதில்லை. அப்போது வெயில் நேராக ஸ்டூல் மேல் விழுந்துகொண்டிருந்தது. சார் தன் வழக்கப்படி பக்கவாட்டில் நின்று, இரண்டு கன்னத்துக்கும் மீட்டர் பிடித்து, அளவை வைத்தார். பிறகு பதவி வரிசையில் ஆபீசர்கள், கிளார்க்குகள், போர்மேன்கள். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. எதிரே கால்களின் மேல் நின்ற பெரிய தண்ணீர்த் தொட்டியின் நிழல் மெல்ல நகர்ந்து வந்து ஸ்டூல் மேல் உட்கார்ந்துகொண்டது. பின்னால் இருந்த சுவர் மட்டும் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. சரியாக அந்த நேரத்தில்தான் கான்ட்ராக்ட் ஆட்களின் முறை வந்தது. எங்கள் தாராவிப் பக்கத்து ஆட்கள், திருநெல்வேலிக்காரர்கள், பலரும் நல்ல கறுப்பு. பதவி வரிசையில் ஆட்களை உட்கார்த்தினோம், வெளிச்சமும் பதவி வரிசையில்தான் விழுந்தது.

"சார், நிழல் வந்திடுச்சு. வளையத்த ரெண்டு மூணு ஸ்டாப் திறக்கணும்" என்றேன்.

சார் தொட்டியைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார். அவருக்குத் தெரியாமல் இல்லை.

"திறந்தா சுவர் எரிஞ்சு போயிடும். எல்லாத்துலயும் சுவர் ஒரே மாதிரி வேணுங்கறார். மேஜர் வாட்சைப் பாத்துண்டு நிக்கறார் பாரு. ஓட்டு."

"அப்ப ஸ்டூலை வெயிலுக்கு நகர்த்தலாம் சார்."

"கியூ எவ்வளவு நீளம் நிக்கறது, நீ ஸ்டூலை நகர்த்திண்டு இருக்கப் போறியா. அப்புறம் பிரிண்ட்ல சரி பண்ணிக்கலாம்டா."

சுவரை யாரும் மாலை போட்டு மாட்டப் போவதில்லை என்ற மனிதர். ஒரு வளையத்தைத் திருப்புகிற வேலை, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போதும். நடுவில் ரோல் மாற்றினோம். புது ஃபிலிமின் தலைப்பில் எப்படியும் வீணாகும் இடத்தில் ஷட்டர் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, என்னை ஸ்டூலில் உட்கார வைத்து ஒரு கிளிக் செய்தார். என் சட்டையும் வெள்ளைதான். பிறகு கேமராவை என்னிடம் தந்துவிட்டு மேஜரோடு டீ குடிக்கப் போய்விட்டார். வளையத்தைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நெகட்டிவ்களைக் கழுவித் தொங்கவிட்டு விளக்குக்கு நேரே பார்த்தேன். ஆபீசர்கள் முகமெல்லாம் ஒழுங்காக இருந்தது. கான்ட்ராக்ட் ஆட்களின் முகம் இருக்க வேண்டிய இடம் சுத்தக் கண்ணாடி. என்னென்னவோ பேப்பரில், வெளிச்சம் காட்டும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். வெள்ளைச் சுவர், அதில் அழுக்காக ஒரு சட்டை, சட்டைக்கு மேல் ஒரு கறுப்பு வட்டம். மறுபடி எடுக்க வேண்டும் என்று சாரிடம் சொன்னேன். ஃபிலிமுக்கு எங்கே போவது என்றார். அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

என் கோபம் சாரோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மேஜர் தன் படத்தை எடுத்துத் தூரத்தில் வைத்தும் கிட்டத்தில் வைத்தும் பார்த்தார். மீதியைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பார்த்து "பஹுத் அச்சா" என்றார். ரொம்ப நன்றாக இருக்கிறதாம். அந்த ஆலையில் படித்தவர்கள் எத்தனையோ பேர் அந்தப் பாஸ்களில் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர்கூட இதில் முகம் இல்லையே என்று கேட்கவில்லை. படத்தில் தப்பு இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை. அந்த ஆட்களை அவர்கள் கண்ணால் பார்க்கும்போதும் அப்படித்தான் தெரிந்திருக்கிறார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். மதராஸி என்று ரயிலில் இடித்துவிட்டுப் போகிற காலம் அது. அந்த இடி எனக்குப் பழகிவிட்டது. இது பழகவில்லை.

பாஸ் வாங்கியவர்களுக்கே தங்கள் பாஸ் எது என்று தெரியவில்லை. பெயர் படிக்கத் தெரிந்தவர்கள் பிழைத்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் பாஸின் ஓட்டையில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டி வைத்துக்கொண்டார்கள்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஆலையில் பித்தளை வால்வுகள் சில காணாமல் போயின. பக்கவாட்டுக் கேட்டில் ஒருவன் பாஸைக் காட்டிவிட்டு மூட்டையோடு போனதைப் பார்த்ததாக அங்கே நின்ற வாட்ச்மேன் சொன்னார். மேஜர் ஆபீஸிலிருந்த பாஸ் நகல்களை மேஜையில் பரப்பி, ஆளைக் காட்டச் சொன்னார். வாட்ச்மேன் ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார். அது சுடலைமுத்து. எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தவர், அதிர்ந்து பேசாத மனிதர். அந்த நேரத்தில் அவர் தங்களோடு லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். ஊர்க்காரனுக்கு ஊர்க்காரன் சாட்சி என்று தள்ளிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை வேலை கிடையாது, விசாரணையில் முடிவானால் போலீஸ்.

அவருடைய மனைவி இசக்கியம்மாள் பாஸைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அழவில்லை. பாஸை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"காதர் தம்பி, இந்தப் படத்த நீதான எடுத்த?"

"ஆமாக்கா."

"இதுல எங்க வீட்டு ஆளு எங்க இருக்காவ, காட்டு. கண்ணு எங்க இருக்கு, மூக்கு எங்க இருக்கு. அவியளக் கட்டிக்கிட்டவ நானே தேடுதேன், கேட்டுல நிக்க ஆளுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சிச்சு?"

"படம் சரியா விழலக்கா. எங்க கடை செஞ்ச கூத்து அது."

"அப்ப அத அங்க வந்து சொல்லு. இங்க எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய."

மறுநாள் சாரிடம் போய் நின்றேன். நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் படத்தை வைத்து யாரையும் அடையாளம் காட்ட முடியாது என்று சொன்னால் போதும் என்றேன். அவர் மீட்டரின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"நாம எடுத்த படம் சரியில்லேன்னு நாமளே போய்ச் சொல்றதா? அப்புறம் எவன் இந்தக் கடைப் படி ஏறுவான்?"

"ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போகப் போறாரு சார்."

"அவன் எடுக்கலேன்னா விசாரணையில தெரிஞ்சுடும். அதுக்குத்தானே விசாரணை."

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்காது, விலகிப் போயிருப்பேன். எது சரி என்று தெரிந்துகொண்டே, கடை பெயர் கெடக் கூடாது என்பதற்காக ஒரு மனிதனை இருட்டிலேயே விட்டுவிட்டார்.

நான் அந்த ரோலிலிருந்து சில படங்களைக் கொஞ்சம் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். எல்லாம் ஒரே பேப்பர், ஒரே நேரம். பெயர் எழுதவில்லை. சுடலைமுத்துவின் படத்தையும் வைத்தேன், வீணான தலைப்பில் விழுந்திருந்த என் படத்தையும் நடுவில் வைத்தேன். யூனியன் செயலாளர் ஒரு மராட்டிக்காரர். அவரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னபோது படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். விசாரணை அன்று என்னையும் கூடவே உள்ளே அழைத்துப் போனார்.

மேஜையின் அந்தப் பக்கம் மேஜரும் லேபர் ஆபீசரும். சுவரோரமாகச் சுடலைமுத்து, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு. இன்னொரு தடவை ஆளைக் காட்டட்டும் என்று செயலாளர் வற்புறுத்தினார். என் பிரிண்ட்களைக் கலைத்து வாட்ச்மேன் முன்னால் பரப்பினார். வாட்ச்மேன் வயசானவர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நான் மேஜைக்கு இந்தப் பக்கம், அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றிருந்தேன். அவர் விரல் ஒரு படத்தின் மேல் போய் நின்றது.

"யஹீ ஹை சாப்." இவன்தான்.

"நிச்சயமா?" என்று செயலாளர் இந்தியில் கேட்டார்.

"நிச்சயம்தான். இந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்."

அது என் படம். என்னைத் திருப்பி அவர் எதிரே நிறுத்தி, இவரைப் பார்த்திருக்கிறீர்களா என்று செயலாளர் கேட்டார். வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இல்லையே, யார் இது என்றார். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. காட்டு என்று சொன்னார்கள், காட்டினார். முகத்தைத் தேடி அவர் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். மேஜர் படத்தை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுடலைமுத்துவைப் பார்த்தார்.

"யே லோக் சப் ஏக் ஜைசே திக்தே ஹைன்" என்றார். இந்த ஆட்கள் எல்லாரும் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறார்களாம்.

எதிரே நின்ற எங்கள் இரண்டு பேருக்கும் உயரத்தில் ஒரு முழம் வித்தியாசம். அவருக்கு நெற்றியில் ஆழமான தழும்பு, எனக்கு அப்போதே முன்வழுக்கை. இவ்வளவையும் கண்ணால் பார்த்துக்கொண்டே அந்த மனிதர் குற்றத்தை எங்கள் முகத்தின் மேல் போட்டார். படத்தின் மேல் போடவில்லை, படம் எடுக்கச் சொன்ன தன் மேல் நிச்சயமாகப் போடவில்லை. செயலாளர் மட்டும் எழுந்து நின்று மராட்டியில் ஏதோ கத்தினார். லேபர் ஆபீசர் ஃபைலை மூடினார்.

சுடலைமுத்துவை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அவர் திருடவில்லை என்று யாரும் சொல்லவில்லை, நிரூபிக்க முடியவில்லை என்று மட்டும் சொன்னார்கள். வாட்ச்மேனைக் கேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள், அதுவும் அநியாயம். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நாங்கள் நின்றபோது சுடலைமுத்து டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். நான் ஏதாவது நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"தம்பி, அவரு உன் படத்தத் தொட்டதால ஆச்சு. நடுவுல கெடந்த வேற எவன் படத்தையாவது தொட்டிருந்தா இந்நேரம் அவன் பொண்டாட்டில்லா உன் வாசல்ல வந்து நிப்பா" என்றார்.



எல்லோரையும் மறுபடி படம் எடுக்கச் சொல்லி ஆலையிலிருந்து உத்தரவு வந்தது. இந்தத் தடவை ஃபிலிமையும் அவர்களே வாங்கிக் கொடுத்தார்கள். சார் அன்று தனக்குக் காய்ச்சல் என்றார், நான் தனியாகப் போனேன். மத்தியானத்துக்கு மேல், நாள் முழுக்க நிழல் மாறாத ஒரு ஷெட்டுக்குள் ஸ்டூலைப் போட்டேன். சட்டை அவரவர் சட்டை. ஆபீசர்கள் சாப்பாடு முடிந்து வருவதற்குள் கான்ட்ராக்ட் ஆட்களைக் கூப்பிட்டுவிட்டேன். முதலில் சுடலைமுத்துவை உட்கார வைத்தேன். அவர் தயங்கினார், உட்காருங்கள் அண்ணாச்சி என்று தோளைப் பிடித்து உட்கார்த்தினேன். அவர் இரண்டு கன்னத்துக்கும் மீட்டர் பிடித்துத் தாராளமாகத் திறந்தேன். அடுத்து வந்தவர்களுக்கும் அந்த நிழலில் அந்த அளவு பொருந்தியது.

மேஜர் மீட்டிங் முடிந்து கடைசியில் வந்து உட்கார்ந்தார். அவர் முகத்துக்கு அந்த அளவு மிகமிக அதிகம் என்று எனக்குத் தெரியும். வளையத்தின் மேல் விரல் இருந்தது. திருப்பவில்லை. டார்க்ரூமில் அவர் படத்துக்கு மட்டும் தனியாக நேரம் கொடுத்து இறக்கியிருக்கலாம். அதையும் செய்யவில்லை, எல்லோருக்கும் கொடுத்த நேரம்தான் அவருக்கும். எல்லோருக்கும் ஒரே அளவு என்று அங்கே சட்டம் போட்டது நான் இல்லை. இதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

படங்கள் போய்ச் சேர்ந்த அன்றே ஸ்டூடியோவுக்குப் போன் வந்தது. சார் போனை வைத்துவிட்டு டார்க்ரூம் கதவைத் தட்டினார். முகம் வியர்த்திருந்தது.

"என்னடா பண்ணி வச்சிருக்கே. மூஞ்சியே இல்லேங்கறார். வெள்ளைத் தாள்ல ஒரு மீசை மட்டும் நிக்கறதாம். இதைக் காட்டி நான் எப்படிக் கேட்டுக்குள்ள போறதுன்னு கத்தறார்டா."

"அவரை யாரு சார் கேட்டுல நிறுத்தப் போறா?" என்றேன். "பாஸைப் பாக்காமலே சல்யூட் அடிச்சு உள்ள விடுவாங்க. படத்துல முகம் தெரிஞ்சே ஆகணும்ங்கிற கதி மத்தவங்களுக்குத்தான்."

 சார் கேமராவை எடுத்துக்கொண்டு, அன்றைக்கே டாக்ஸி பிடித்துச் செம்பூருக்குப் போய், அந்த ஒரு முகத்தை மறுபடி எடுத்துக்கொண்டு வந்தார்.